ரத்தம் எந்தப் படலங்களுக்கு நடுவில்?

"மூளையில் ரத்தக்கசிவு" என்று ஸ்கேன் பார்த்தவர் சொன்னதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி "பிழைப்பாரா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல, வேறொரு கேள்விக்கு முதலில் விடை தெரிய வேண்டும். ரத்தம் எந்தப் படலங்களுக்கு நடுவில் நிற்கிறது? அது தெரிந்துவிட்டால், கிழிந்தது தமனியா சிரையா, ரத்தம் என்ன வேகத்தில் சேரும், ஸ்கேனில் என்ன வடிவம் எடுக்கும், உடனே மண்டையைத் திறக்க வேண்டுமா பொறுத்துப் பார்க்கலாமா என்பதெல்லாம் ஏறக்குறையப் பிடிபட்டுவிடும். இந்தப் பதிவில் வரும் கசிவுகள் எதுவுமே மூளைத் திசுவுக்குள் நடப்பவை அல்ல. எல்லாம் மூளையைச் சுற்றியுள்ள உறைகளில் நடப்பவை. "மூளையில் ரத்தம்" என்று எல்லாவற்றையும் ஒரே பேரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

வெளியிலிருந்து உள்ளே போவோம். மண்டை ஓட்டின் உட்புறத்தை ஒட்டியிருப்பது டியூரா. பதனிட்ட தோல் போலக் கெட்டியான உறை, கையால் இழுத்தால் கிழியாது. உண்மையில் இது இரண்டு தாள்கள் ஒட்டிய ஒன்று. வெளித்தாள் எலும்பைப் பிடித்திருக்கும். உள்தாள் சில இடங்களில் வெளித்தாளை விட்டுப் பிரிந்து உள்ளே மடிந்து தடுப்புச் சுவராக நிற்கும். இடது வலது பெருமூளைகளுக்கு நடுவே அரிவாள் போல இறங்கும் சுவர் ஒன்று, பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே கூடாரம் போல விரியும் சுவர் ஒன்று. தாள்கள் பிரியும் இடத்தில் உண்டாகும் குழிவுகளில்தான் மூளையின் பெரிய சிரைக்கால்வாய்கள் ஓடுகின்றன. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் தையல் கோடுகளில் டியூரா எலும்போடு மிக இறுக்கமாக ஒட்டியிருக்கும். ஸ்கேன் வடிவங்களைப் பார்க்கும்போது இது உதவும்.

டியூராவுக்குக் கீழே அராக்னாய்டு. பெயரே சிலந்தியிலிருந்து வந்தது. மெல்லிய, கிட்டத்தட்டக் கண்ணாடி போன்ற படலம். அதிலிருந்து நூல் நூலாக இழைகள் கீழே இறங்கி, மூளையை ஒட்டிய பையா என்ற மூன்றாம் படலத்தில் போய்ச் சேரும். பையா மூளையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கிப் படியும். அராக்னாய்டு அப்படி இறங்காது, மடிப்புகளின் மேல் பாலம் போட்டது போலக் கடந்து போய்விடும். அதனால் மடிப்புகள் இருக்கும் இடங்களிலெல்லாம் இரண்டுக்கும் நடுவே இடம் கிடைக்கிறது. மூளையின் அடிப்பக்கத்தில் அந்த இடம் குளம் போலவே அகன்றிருக்கும்.

இப்போது பாடப் புத்தகங்கள் விரைவாகத் தாண்டிப் போகும் இடத்துக்கு வருவோம். மூன்று "இடைவெளிகள்" என்று எழுதியிருப்பார்கள், ஆனால் மூன்றும் ஒரே ரகம் அல்ல. மண்டைக்குள் டியூராவுக்கும் எலும்புக்கும் நடுவே இயல்பில் இடமே கிடையாது. ரத்தம் பிரித்தால்தான் இடம். டியூராவுக்கும் அராக்னாய்டுக்கும் நடுவிலும் அப்படித்தான். டியூராவின் கடைசிச் செல் அடுக்கு மட்டும் தளர்வாகக் கட்டப்பட்டிருப்பதால் சிறு விசைக்கே அங்கே பிளந்துகொள்கிறது. அராக்னாய்டுக்குக் கீழே உள்ளது மட்டும்தான் நிஜமான இடைவெளி. எப்போதும் மூளைத் தண்டுவட நீர் நிறைந்திருக்கும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள் அந்த நீருக்குள்தான் ஓடுகின்றன. முதுகுத்தண்டில் கதை வேறு. அங்கே டியூராவுக்கு வெளியே கொழுப்பும் சிரைகளும் நிறைந்த உண்மையான இடம் இருக்கிறது. பிரசவ வலிக்கு எபிடூரல் ஊசி போடுவது அங்கேதான். எபிடூரல் (டியூராவுக்கு வெளியே) என்ற சொல்லைத் தலைக்கும் முதுகுக்கும் ஒன்றாகப் பயன்படுத்துவதால் மருத்துவ மாணவர்களே தடுமாறுகிறார்கள்.

அந்த நீரைப் பற்றி. பெரியவர்களிடம் எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 150 மில்லி. ஆனால் ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மில்லி, அதாவது மணிக்கு 20 மில்லிக்குப் பக்கம். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் முழுசாக மாற்றப்படுகிறது. பெரும்பகுதி, மூளையின் உள்ளறைகளில் இருக்கும் கோராய்டு என்ற நுண்ணிய ரத்தக்குழாய்ப் பின்னல்களில் சுரக்கிறது. பக்கவாட்டு அறைகளிலிருந்து மூன்றாம் அறை, அங்கிருந்து ஒரு குறுகிய கால்வாய் வழியாக நான்காம் அறை, அதன் துளைகள் வழியாக வெளியே அராக்னாய்டுக்குக் கீழ் உள்ள இடத்துக்கு வருகிறது. அங்கிருந்து அராக்னாய்டின் முளைகள் வழியாக உச்சியில் ஓடும் சிரைக்கால்வாய்க்குள் கணிசமான பங்கு வடிகிறது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை இந்த நீரில் மிதக்கும்போது 50 கிராம் அளவுக்குத்தான் கனக்கிறது. மிதக்காவிட்டால் தன் எடையிலேயே அடிப்பாகம் நசுங்கிவிடும்.

மண்டை ஓடு விரியாத பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், நீர் மூன்றும் சேர்ந்த கொள்ளளவு மாறாது, ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்ரோ 1783-இலும் ஜார்ஜ் கெல்லி 1824-இலும் சொன்ன இந்தக் கணக்கை இன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கு மணி பயன்படுத்துகிறார்கள். ரத்தக்கட்டி வளர ஆரம்பித்ததும் முதலில் நீர் முதுகுப் பக்கம் ஒதுங்கும், சிரை ரத்தம் வெளியேறும். அதுவரை நோயாளி பேசிக்கொண்டே இருப்பார். விட்டுக்கொடுக்க இனி எதுவும் இல்லை என்ற புள்ளி வந்ததும், அடுத்த சில மில்லிக்கே அழுத்தம் செங்குத்தாக ஏறிவிடும். படுத்திருக்கும் பெரியவருக்கு மண்டைக்குள் இருக்கும் அழுத்தம் இயல்பில் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். 20-ஐத் தாண்டி நின்றால் கவலை. "நல்லாத்தானே பேசிட்டிருந்தார்" என்று சொல்லும்போதே நினைவு போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவே

ஒரு மண்டை ஓட்டைக் கையில் எடுத்து உட்புறம் பார்த்தால், நெற்றிப்பொட்டின் உள்பக்கத்திலிருந்து மரக்கிளை போல விரியும் பள்ளக் கோடுகள் தெரியும். நடு உறைத் தமனி எலும்பில் பதித்த தடம் அது. நான்கு எலும்புகள் கூடும் அந்தப் பொட்டுப் பகுதிதான் மண்டையிலேயே மெல்லிய இடங்களில் ஒன்று. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவும். பந்து, மட்டை, கைப்பிடி, தரை என எது அங்கே மோதினாலும் எலும்பு விரிசல் விட்டு உள்ளே இருக்கும் தமனியைக் கிழிக்கும். தமனி அழுத்தத்தோடு வரும் ரத்தம் டியூராவை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டே போகும். தையல் கோடு வந்ததும் உரிக்க முடியாமல் நின்று, உள்நோக்கிப் புடைக்கும். அதனால் சிடி படத்தில் இருபுறமும் புடைத்த வில்லை போலத் தெரியும். வெள்ளைக் கட்டிக்குள் சுழல் சுழலாகக் கருமை தெரிந்தால் இன்னும் உறையாத ரத்தம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் படத்தைப் பார்த்தபின் "காலையில் இன்னொரு ஸ்கேன் எடுக்கலாம்" என்று சொல்லக் கூடாது.

அடிபட்டதும் மயக்கம், பிறகு தெளிவு, சில மணி நேரம் கழித்து மறுபடி மயக்கம் என்ற தெளிவு இடைவேளை இந்த வகைக்குப் பேர்போனது. ஆனால் அது பாதிப் பேருக்கும் குறைவாகவே வருகிறது. வரவில்லை என்பதால் இந்த வகை இல்லை என்று ஆகிவிடாது. வயதானவர்களுக்கு டியூரா எலும்போடு நன்றாக ஒட்டிப்போய்விடுவதால் இந்த வகை அரிது. பின்தலையில் சிரைக்கால்வாய் கிழிந்து வரும் வகை தனி ஆபத்து. அங்கே இடம் குறைவு, மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு பக்கத்திலேயே இருக்கிறது. முன்னெச்சரிக்கை எதுவும் இல்லாமல் மூச்சு நின்றுவிடும்.

கட்டியின் அளவைக் கணக்கிடும் வழி எளிது. படத்தில் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுத்தால் மில்லி கிடைக்கும். நீளம் 6, அகலம் 5, தடிமன் 2 என்றால் 30 மில்லி. அந்த 30-தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் நோயாளி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வெளியே எடுப்பதுதான் சரி. அதற்குக் கீழே, தடிமன் 15 மில்லிமீட்டருக்குள், மூளையின் நடுக்கோடு ஒரு பக்கமாக நகர்ந்தது 5 மில்லிமீட்டருக்குள், கை கால் பலவீனம் இல்லை, நினைவும் நன்றாக இருக்கிறது என்றால், நரம்பியல் அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்தில் வைத்து அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். அந்த வசதி உள்ள இடம் என்பது இந்த விதியின் பகுதிதான். நேரத்தோடு திறந்தால் பெரும்பாலோர் முழுசாகத் தேறும் வகை இது, ஏனென்றால் கீழே இருக்கும் மூளை பெரும்பாலும் காயப்படவில்லை, நசுக்கப்பட்டிருக்கிறது அவ்வளவே.

நசுக்கம் எல்லை மீறுவதைக் கண்ணில் பார்க்கலாம். கட்டி இருக்கும் பக்கத்துக் கண்பாவை விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் நிற்கும். பொட்டுப்பக்க மூளையின் உள் ஓரம் கூடாரச் சுவரின் விளிம்பைத் தாண்டி வழுகி, கண்பாவையைச் சுருக்கும் மூன்றாம் நரம்பை அழுத்துவதால் இப்படி. கூடவே ரத்த அழுத்தம் ஏறி, நாடித்துடிப்பு குறைந்து, மூச்சு ஒழுங்கு கெட்டால் மிகவும் பிந்திவிட்ட அறிகுறி. அறுவை அரங்குக்குப் போகும் வழியில் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, கழுத்தை நேராக வைத்து, மூளையின் அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தைக் கிலோவுக்கு அரை முதல் ஒரு கிராம் வரை கொடுப்பது நேரம் வாங்கத்தான். அதைச் சிகிச்சை என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது.

டியூராவுக்குக் கீழே

இங்கே கிழிவது பெரும்பாலும் பாலச் சிரைகள். மூளையின் மேற்பரப்பிலிருந்து கிளம்பி, அராக்னாய்டைத் துளைத்து, உச்சியின் சிரைக்கால்வாய்க்குள் போய்ச் சேரும் மெல்லிய குழாய்கள். ஒரு முனை மிதக்கும் மூளையில், மறுமுனை அசையாத டியூராவில். தலை சட்டென்று நிற்கும்போது மூளை இன்னும் கொஞ்சம் நகர்கிறது, குழாய் இழுபட்டு அறுகிறது. எலும்பு உடைய வேண்டும் என்றில்லை, தலை எதிலும் மோதியிருக்கக்கூட வேண்டாம். கைக்குழந்தையை வேகமாக உலுக்கினால் இதே காரணத்தால்தான் ரத்தம் கசிகிறது. தையல் கோடுகள் இந்த ரத்தத்தைத் தடுக்காது, டியூரா அங்கே எலும்போடுதானே ஒட்டியிருக்கிறது. அதனால் ரத்தம் பிறை போல மூளை முழுக்கப் பரவும். ஆனால் நடுவில் நிற்கும் அரிவாள் சுவரைத் தாண்டி மறுபக்கம் போகாது. வில்லையா பிறையா என்ற ஒரே பார்வையில் வகை பிடிபடும்.

உடனடி வகையில் தடிமன் 10 மில்லிமீட்டருக்கு மேல், அல்லது நடுக்கோடு 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால், நினைவு எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். முடிவு எலும்புக்கடியில் வரும் வகையைவிட மோசமாக இருப்பதற்குக் காரணம், மூளையே அடிவாங்கியிருப்பது. கட்டியை எடுத்தபின் வீக்கம் மேலெழுந்து டியூராவுக்கு வெளியே தள்ளும் நிலையும் வரும். அப்போது எலும்பைத் திரும்பப் பொருத்தாமல் வெளியே வைக்க நேரிடும்.

சிடி படத்தில் நிறம் நாளோடு மாறுவதை இங்கேதான் நன்றாகப் பார்க்கலாம். ஹவுன்ஸ்ஃபீல்டு கண்டுபிடித்த கருவியில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971-இல். அடர்த்தி அளவுக்கு அவர் பெயரே அலகு. நீர் பூஜ்யம், மூளை 30 முதல் 40 வரை, புதிதாக உறைந்த ரத்தம் 60 முதல் 80 வரை. முதல் மூன்று நாள் பிறை பளிச்சென்று வெள்ளை. மூன்று வாரம் தாண்டினால் கருப்பு. இடைப்பட்ட நாட்களில் மூளையின் அதே சாம்பல் நிறம். தவறு நடப்பது இந்த இடைக்காலத்தில்தான். பிறை கண்ணுக்கே தெரியாது. மேற்பரப்பு மடிப்புகள் எலும்புவரை வராமல் உள்ளேயே நின்றுவிடுவதையும், உள்ளறை நசுங்கியிருப்பதையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நடுக்கோடுகூட நகராது. கடுமையான ரத்தசோகை உள்ளவருக்குப் புதுக் கட்டியும் சாம்பலாகத் தெரியலாம்.

நாள்பட்ட வகையைத்தான் இன்னும் அதிகம் பேச வேண்டும். இது முதியவர்களின் நோய். வயதோடு மூளை சுருங்குகிறது, பாலச் சிரைகள் நீண்டு விறைக்கின்றன. குளியலறைக் கதவில் லேசாக இடித்துக்கொண்டது போன்ற, யாருக்கும் நினைவில்லாத இடி போதும். கசிந்த கொஞ்ச ரத்தத்தைச் சுற்றி உடம்பு ஒரு தோல் கட்டுகிறது. அந்தத் தோலில் முளைக்கும் புதுக் குழாய்கள் பலவீனமானவை, கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் திரவம் ரத்தத்தை உறையவும் விடாது. ஆகவே வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்கிறது. நடை தள்ளாடும், பேச்சில் சொல் வராது, ஒரு கை சோரும், பகலெல்லாம் தூக்கம். "வயசாயிடுச்சு, மறதி நோய்" என்று ஒதுக்கப்படுவது இவர்கள்தான். மறதி நோய் வருடக்கணக்கில் வளரும். சில வாரங்களில் ஒருவர் வேறு ஆளாக மாறினால் ஸ்கேன் எடுக்காமல் எந்தப் பெயரும் சூட்டாதீர்கள். குணமாக்கக்கூடிய ஒன்றைத் தவறவிடுவது இதில் மிகச் சாதாரணமாக நடக்கிறது, அது மனதை வருத்துகிறது.

சிகிச்சை எளிமையானது. மண்டையில் ஒன்றோ இரண்டோ துளை, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். டியூராவைக் கீறியதும் பழைய இன்ஜின் ஆயில் நிறத்தில் திரவம் பீறிடும். உடல் சூட்டில் உள்ள உப்பு நீரால், வெளியே வரும் நீர் தெளியும்வரை கழுவுவார்கள். பிறகு மெல்லிய குழாயை 48 மணி நேரம் உள்ளே விட்டுவைப்பது மிக முக்கியம். 2009-இல் வெளியான ஆய்வில் குழாய் வைத்தவர்களில் 9 சதவீதத்தினருக்கும், வைக்காதவர்களில் 24 சதவீதத்தினருக்கும் கட்டி திரும்பி வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த 2020 ஆய்வில் மறு அறுவை குறைந்தது, ஆனால் நோயாளிகளின் நிலை ஒட்டுமொத்தமாக மோசமானது, ஆகவே வழக்கமாகக் கொடுப்பதற்கு இல்லை. புதிதாக வந்திருக்கும் வழி, அந்தத் தோலுக்கு ரத்தம் கொடுக்கும் தமனியை உள்ளிருந்து அடைப்பது. அது வேறெதுவும் அல்ல, பொட்டுக்கடியில் பார்த்த அதே நடு உறைத் தமனிதான். 2024-இல் வந்த ஆய்வுகளில் மறுபடி கட்டி சேருவது குறைந்திருக்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம், ஸ்கேன் எடுங்கள். ரத்தம் தெரிந்தால் வைட்டமின் கே 10 மில்லிகிராம் சிரையில், கூடவே உறைவுக் காரணிக் கலவை. வைட்டமின் கே மட்டும் போட்டால் வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். மற்றவர்களுக்கும் இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, 65 வயதோ அதற்கு மேலோ, அடிபட்டு இரண்டு மணி நேரமாகியும் முழுத் தெளிவு வராதது, காதின் பின்னாலோ இரு கண்களைச் சுற்றியோ நீலம் பாரித்தல், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல ஒழுகுதல் என்று ஏதாவது இருந்தால் ஸ்கேன் வேண்டும். ஒழுகும் அந்த நீர் மூளை நீராக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு மூக்கு வழியாகக் குழாய் விடவே கூடாது.

நீருக்குள் ரத்தம்

அராக்னாய்டுக்குக் கீழே ரத்தம் கலப்பதற்கு மிகச் சாதாரணக் காரணம் அடிபடுவதுதான். அடிபடாமல் வந்தால் பெரும்பாலும், நூற்றுக்கு 85 பேர் அளவுக்கு, தமனிச் சுவரில் பலூன் போல உப்பிய அனியூரிசம் வெடித்திருக்கும். தலைவலி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும். "எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டால் என்ன செய்துகொண்டிருந்தபோது என்று துல்லியமாகச் சொல்வார்கள். வலியின் அளவைவிட அந்த வேகம்தான் அடையாளம். மாத்திரையில் வலி குறைந்தது என்பதால் இது இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

ஆறு மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் எடுத்து, அனுபவமுள்ளவர் படித்த சிடி ஏறக்குறைய எல்லோரையும் பிடித்துவிடும். நேரம் போகப் போக ரத்தம் நீரோடு கரைந்து போய்விடும், ஒரு வாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. சந்தேகம் மீதமிருந்தால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். 1891-இல் ஜெர்மன் மருத்துவர் குவின்கே செய்து காட்டிய அதே முறை. இடுப்பெலும்பின் இருபக்க உச்சியையும் இணைக்கும் கோட்டில், முதுகுத்தண்டு முடிந்துபோன இடத்துக்குக் கீழே. தலைவலி ஆரம்பித்து 12 மணி நேரம் ஆனபின் எடுத்தால்தான் பயன், சிவப்பணு சிதைந்து பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாக அவ்வளவு நேரம் வேண்டும். ஊசி குத்தும்போது வந்த ரத்தமா முன்பே இருந்ததா என்று பிரிப்பது இதை வைத்துத்தான். குழாய்களை எண் போட்டு வரிசையாகப் பிடித்து, முதல் குழாயைவிடக் கடைசிக் குழாயில் ரத்தம் குறைகிறதா என்று பார்ப்பது துணைக்கு மட்டும். மாதிரியை வெளிச்சம் படாமல் மூடி உடனே அனுப்புங்கள், ஜன்னலோரம் கிடந்தால் பிலிரூபின் சிதைந்துவிடும். மண்டைக்குள் கட்டி அழுத்திக்கொண்டிருப்பவருக்குக் கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கி வழுகும், ஆகவே ஸ்கேன் முதலில்.

வெடித்தவருக்கு முதல் 24 மணி நேரம்தான் மறுபடி வெடிக்கும் ஆபத்து மிக அதிகம். மேல் ரத்த அழுத்தத்தை 160-க்குள் வைத்து, வலியும் வாந்தியும் அடக்கி, சீக்கிரம் கம்பிச்சுருளாலோ கிளிப்பாலோ அடைக்க வேண்டும். அடைத்ததும் முடிந்துவிடவில்லை. நீரோட்டம் அடைபட்டு உள்ளறைகள் வீங்கலாம், சோடியம் இறங்கலாம். நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, நீரில் கரைந்த ரத்தம் தமனிகளை எரிச்சலூட்டிச் சுருக்கலாம். இதற்குத்தான் நிமோடிபைன் மாத்திரை 60 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள், இரவிலும் எழுப்பிக் கொடுக்கிறார்கள். வீட்டார் "தூங்கட்டுமே" என்று வேளை தவறவிடச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று, அபூர்வம்தான். நடுவயதுக்காரர், அடிபடவில்லை, ரத்தம் நீர்க்கும் மருந்து இல்லை, இரண்டு பக்கமும் டியூராவுக்குக் கீழே மெல்லிய பிறை. எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் போய்விடுகிறது. இவருக்குத் துளை போட்டு வடிப்பதற்கு முன் முதுகைப் பாருங்கள். தண்டுவட டியூராவில் எங்கோ ஒரு ஓட்டை வழியாக நீர் ஒழுகி, மிதப்பு குறைந்து மூளை கீழே தொங்கி, மேலே சிரைகள் இழுபட்டிருக்கலாம். மேலே வடித்தால் தொய்வு இன்னும் கூடும், கட்டியும் திரும்ப வரும். முதுகின் எபிடூரல் இடத்தில் அவருடைய சொந்த ரத்தத்தையே 20 மில்லி அளவில் செலுத்தி ஓட்டையை மூடுவதுதான் இதற்கான வழக்கமான முதல் சிகிச்சை.